மானுக்கு ஒரு கொப்பி

03.03.2025, திங்கள்

இரண்டாம் முறையும் கனடா விசா இல்லை. நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். ஐம்பத்துநான்கு வயதுவரை திருகோணமலையை விட்டு அசையாத ஒரு வாத்தியாரைப் பார்த்து! மே கடைசியில் அங்கே மகளுக்குப் பிள்ளை. மனைவி யசோதரா அரிசி களையக் குசினிக்குள் போனாள். ஏசியிருக்கலாம்.

பின்னேரம், முனீப்பின் போட்டோக்கொப்பிக் கடை வாசலில் மறுப்புக் கடிதத்தைக் கசக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டேன். தெருவில் திரியும் மான்களில் ஒன்று, ஒற்றைக் கொம்பன், அதை இழுத்துச் சப்பியது.

"இதுக்குக் குடுப்பாங்கள் விசா. எனக்குத் தரமாட்டாங்கள்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட ஊர்.

19.03, புதன்

கடையில் முனீப் ஒரு பெண்ணிடம் கேட்கிறான்: "பாஸ்போட் ரெண்டு கொப்பி போதுமா ராத்தா? மானுக்கு ஒண்டு?"

என்ன மான் என்றேன்.

"சேருக்குத் தெரியாதா? ஒத்தைக் கொம்பன் கொப்பியைத் திண்டா விசா நிச்சயம். புல்மோட்டையில கிடைச்சிருக்கு."

"ஆருக்கு?"

"சாச்சிட பக்கத்து வீட்டாக்களுக்கு."

எப்போதும் யாரோ ஒரு சின்னம்மாவின் பக்கத்து வீடு. விசா கிடைத்தவன் ஒருநாளும் கதை சொல்பவன் இல்லை.

"கிடைக்காத ஆக்கள்?"

"அவங்க வந்து சொல்லமாட்டாங்களே சேர்."

இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டுமா? ஊரிலுள்ள அத்தனை கதையும் இப்படித்தான் நிற்கிறது. தோற்றவர்கள் வாய் திறப்பதில்லை. இந்தக் கதையைக் கிளப்பியதே நான்தான் என்றேன்.

"இல்ல சேர். இது வாப்பாட காலத்துக் கதை."

வாப்பா காலத்தில் போட்டோக்கொப்பி மெசின் எங்கே இருந்தது?

27.03, வியாழன்

பிரசாந்தனுக்கு விசா வந்துவிட்டது. யசோதராவின் தம்பி. போன வருடம் செத்தவீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் "பாவம் அத்தான், அவரைக் கனடாவும் எடுக்காதாம்" என்று சொன்னவன். அன்றிலிருந்து நான் அவனோடு கதைப்பதில்லை. அவன் மானுக்குக் கொப்பி போட்டானாம். இப்போது, கண்டுபிடித்ததே அவன்தான் என்று ஊர் சொல்கிறது.

கதை பொய் என்பது ஒரு கோபம். அது அவன் பெயரில் போவது இன்னொரு கோபம். எது பெரிது?

இரண்டாவது.

04.04, வெள்ளி

கடற்கரை வீதியில் பலகை நட்டிருக்கிறார்கள்: மான்களுக்குக் கடதாசி போடவேண்டாம். பின்னேரமே கூட்டம் இரட்டிப்பு.

"ஒண்டும் இல்லாட்டி ஏன் தடுக்கிறாங்கள்?"

கேட்டது யசோதரா. பட்டதாரி.

08.04, செவ்வாய்

மூன்றாம் முறையும் விண்ணப்பம் போட்டாயிற்று, இருவருக்கும். இரவு மகள் போன் எடுத்தாள். "அப்பா, ஊரில ஏதோ மான் இருக்காமே? இஞ்ச வேலையிடத்தில ஒரே அந்தக் கதைதான்."

என் கதை கனடா போய்விட்டது. வங்கிக் கணக்கு காட்டவில்லை. திரும்பி வருவாயா என்று அதை ஒருவரும் கேட்கவில்லை.

12.04, சனி

எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

காலையில் பல்லுத் தீட்டிக்கொண்டு வாசல் கேற்றடிக்குப் போனால், யசோதரா ஒற்றைக் கொம்பனுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். அவளுடைய கொப்பி முடிந்துவிட்டது. இரண்டாவது அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே தெரிந்தது என் நெற்றி.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ, தின்னட்டும்..."

விடுவேனா? பௌதிகம் படிப்பித்தவன். பிடித்து இழுத்தேன். மான் ஓடியது. நானும் கட்டிய சாரத்தோடு ஓடினேன், பற்பசை நுரையோடு, கடற்கரைவரை. பாதியைப் பறித்துவிட்டேன். மீன் வாங்க நின்ற சனம் முழுக்கப் பார்த்தது. பிரசாந்தனும்தான். சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான், வருத்தமாக. அதை மன்னிக்க ஏலாது.

06.05, செவ்வாய்

யசோதராவுக்கு விசா. எனக்கு இல்லை.

07.05, புதன்

முனீப்: "வாய்க்குள்ள போனதை இழுத்தெடுத்தா எப்பிடி சேர் வரும்?"

கடையில் இருந்த எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அவளுடைய வயது போன தாய் இங்கே இருக்கிறார், திரும்பி வருவாள் என்று நம்பியிருப்பார்கள், என் சம்பளம் வேறு கணக்கு, ஆயிரம் காரணம் இருக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார்கள், நோயாளி சொல்வதைக் கேட்பதுபோல. இரண்டு மாதமாக இந்தக் கதைக்கு ஒரு ஆதாரமும் இல்லாமல் இருந்தது. நானே ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறேன்.

18.05, ஞாயிறு

யசோதரா போகும் பிளேனிலேயே பிரசாந்தனும் போகிறான். வாசலில் நின்ற வான் சீட்டில் இருந்து "அத்தான்..." என்று தொடங்கினான். நான் யசோதராவின் பெட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன்.

அவள் சொன்னது ஒன்றுதான்: "நான் உங்களுக்கும்தானே போட்டனான்."

29.05, வியாழன்

பேத்தி. மூன்று கிலோவாம்.

08.06, ஞாயிறு

வீடியோவில் பிள்ளையைக் காட்டினார்கள். என் நெற்றி. மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அந்த மான் கதையில இப்ப புதுசா ஒரு விசரன், முழுப் பைத்தியம், வந்திருக்கிறான். மான்ர வாயில இருந்து தன்ர விசாவைப் பறிச்சவனாம். ஆர் அப்பா அது?"

யசோதரா குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள்.

"தெரியாது மகள். சாச்சிட பக்கத்து வீடாம்" என்றேன்.

பின்னேரம் ஒற்றைக் கொம்பன் கேற்றடியில் படுத்திருந்தது. அலுமாரியில் அன்று பறித்த பாதிக் கொப்பி கிடந்தது, பல் அடையாளத்தோடு. குப்பையை வீட்டில் வைத்திருப்பது சரியில்லை. கொண்டுபோய் முன்னால் வைத்தேன். ஆரும் பார்க்கவில்லை.

மோந்து பார்த்தது. தொடவில்லை. எழும்பிப்போய்ப் பக்கத்து வீட்டுக் குரோட்டன் செடியைத் தின்றது.

பழைய கொப்பி. மை மங்கியிருக்கும். நாளை முனீப் கடை திறந்தவுடன் போகவேண்டும். கலர்.