அண்ணை அடுக்கிய கோட்டைச் சுவர்

என் ஆசை அண்ணை,

நீங்கள் இருந்த கோட்டையை இந்தக் கோடையில் போய்ப் பார்த்தேன். நீங்கள் செத்துப்போய் எட்டு வருடத்துக்குப் பிறகு. நீங்கள் சாகும்போது என் அகதி வழக்கு முடியவில்லை. கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. உங்கள் செத்தவீட்டை ரொறன்ரோவில் இருந்து போனில்தான் பார்த்தேன்.

கோட்டை என்று அங்கே என்ன இருக்கிறது, அண்ணை? கூரையில்லாத ஒரு வட்டக் கோபுரம். ஒரு நீளச் சுவர். மேல்தளம் இடிந்துபோனதால், குளிர் காயும் அடுப்பொன்று அந்தச் சுவரில் அந்தரத்தில் நிற்கிறது. சுற்றிவரச் சோள வயல். இதையா நான் "அண்ணை பிரான்ஸில ஒரு கோட்டையில இருக்கிறார்" என்று சொல்லித் திரிந்தேன்?

நீங்களும் திருத்தவில்லையே. உங்கள் அகதி விண்ணப்பத்தை மறுத்ததும், விசாப் பேப்பர் இல்லாத ஆள் என்பதால் கோட்டைக்காரர் உங்களைப் பதிவில்லாமல் கல் சுமக்க வைத்திருந்ததும், உங்களைத் தகனம் செய்த பாரிஸ் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரே ஒருமுறை கேட்டீர்கள். "தங்கச்சி, அங்கால வர ஏதும் வழி இருக்கோ எண்டு பாரன்."

நான் சிரித்தேன். "கோட்டையை விட்டிட்டு என்ர பேஸ்மென்டுக்கே வரப்போறியள்?"

நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கேட்கவேயில்லை. ஏன் என்னை ஒருக்கால் ஏசவில்லை?

மகள் மதுராவைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் மருமகளுக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு கைகொடுத்தது. இடத்தைச் சுற்றிக் காட்டிய இளம்பெண் சுவரைத் தட்டி ஏதோ சொன்னாள்.

"அம்மா, இது அறுநூறு வருசமா அசையாம நிக்குதாம்."

"பொய். இது ஒரு மாரிமழைக்கு விழுந்தது. மாமாதான் ஒவ்வொரு கல்லுக்கும் சோக்குக்கட்டியால நம்பர் போட்டுத் திருப்பி அடுக்கினவர். போனில எனக்குப் பெருமையாச் சொன்னவர். கேள் பிள்ளை."

மதுரா கேட்டாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "விழுந்தது உண்மைதானாம். ஊர்ச்சனம் வொலண்டியராத் திருப்பிக் கட்டினதாம், அம்மா. நேம்ஸ் எல்லாம் அந்த போர்ட்டில இருக்காம்."

வாசித்தோம். கல்வண்டி இழுத்த கழுதையின் பெயர்கூட இருந்தது. உங்கள் பெயர் இல்லை.

கோபுரத்தின் அடியில் நீங்கள் படுத்த அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். ஜன்னல் இல்லை. கோடையிலும் சுவரில் ஈரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில், காய்ச்சலோடு பத்து நாள் அங்கேதானே கிடந்தீர்கள்? கடைசியில் கொண்டுபோனபோது நெஞ்செல்லாம் சளி கட்டிவிட்டதாம். இப்போது அங்கே விறகு அடுக்கியிருக்கிறார்கள்.

"மாமா ஏனம்மா எங்கட வீட்டை வரேல்ல?"

"கேட்டவர். நான்தான் சிரிச்சனான்."

அன்று முழுக்க அவள் என்னை விட்டுத் தள்ளியே நடந்தாள்.

ஆனால் ரொறன்ரோ திரும்பிய கிழமையே, பாரிஸ் நண்பர் தந்த, நீங்கள் சாந்துக் கரண்டியோடு அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் படத்தை வைத்து அந்த ஊர்ச்சபைக்குக் கடிதம் எழுதினாள். பதிவில் உள்ளவர்களின் பெயரைத்தான் போடலாம் என்று பதில் வந்தது. பதிவில் இருந்திருந்தால் நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போயிருப்பீர்களே! அவள் மறுபடி எழுதியிருக்கிறாள்.

பெயர் ஏறுமோ தெரியாது. ஏறினாலும் உங்களுக்கு அதனால் என்ன? என் கோபம் ஆறப்போவதில்லை. பாதி அவர்கள் மேல், மீதி என் மேல். ஒன்று மட்டும் செய்வேன், அண்ணை. உங்களைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். என் பங்கையும் மறைக்க மாட்டேன்.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
வதனி