வீக்கு ஒடம்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த செல்வி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம்ம ஊர் சோரியாங்குப்பத்தில் உன் பேச்சு வந்தால், "அதுக்கு வீக்கு ஒடம்பு, இன்னா பண்றது" என்று உன் உடம்பின் பலவீனத்தையே சொல்லி முடிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மசாலா கம்பெனியில் ஒன்பது வருஷம் மிளகாய்த்தூள் சலித்தாய். இளைப்பு வந்த பிறகு, பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் மூன்று முறை கேட்டாய். "எல்லாரும்தான் தூசில நிக்கிறாங்க. உனுக்கு மட்டும் இன்னா?" என்றார். என்னிடம் வந்து அழுதாய். நானும்தான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா." ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள் சொல்கிற பேச்சா அது?

ஒரு மத்தியானம் சல்லடை பக்கத்திலேயே மூச்சு முட்டி விழுந்தாய். ஆட்டோ பாகூரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் எங்கள் நுரையீரல் டாக்டரிடம் கேட்டேன். மூச்சுக்குழாயின் உள்பக்கச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்குமாம். தூசி பட்டு அங்கே வரும் அழற்சியை அது தணிக்குமாம். ஆஸ்துமா உள்ள பலருக்கு அது குறைவாக இருக்கிறதாம். வருஷக்கணக்கில் தூசியில் நின்றால் அதைச் சுரக்கும் செல்களே அடிபடலாமாம். "உங்க அக்காவுக்கு இதான் நடந்ததுன்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. ஆனா அவங்க ஒடம்பு மேல பழி போடறது தப்பும்மா" என்றார்.

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் பழைய பாட்டையே பாடினார். "ஒடம்புக்குள்ள இருக்கிற பாதுகாப்பும் தூசில போயிடும் சார். வெளிய நீங்க ஒரு மாஸ்க்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். சலித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து என் பக்கம் வந்து நின்றார்கள்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். அலைந்தோம். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரி வந்து பார்த்தார். இப்போது தூசியை உறிஞ்சும் மெஷின் ஓடுகிறது. அதை மாட்ட இரண்டு நாள்தான் ஆனது, அக்கா. ஒன்பது வருஷத்தில் அவர்களுக்கு இரண்டு நாள் கிடைக்கவில்லையா?

உன் மகள் திவ்யாவுக்கும் லேசாக இளைப்பு இருக்கிறது. போன வாரம் ஒரு கல்யாணத்தில், வாயில் வைத்து அடிக்கும் மருந்து பம்ப்பை எடுத்தாள். "பொம்பளப் புள்ள, ஓரமா போய் அடிடி" என்றார் சொந்தக்காரர் ஒருவர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கியே அடிடி" என்றேன். எல்லோரும் பார்க்க, அவசரப்படாமல் அடித்தாள்.

யாருக்காகவும் அவளை ஒளிந்து மூச்சு விட வைக்க மாட்டேன். பொறுத்துக்கொள் என்று இன்னொரு முறை சொல்லவும் மாட்டேன்.

உன் தங்கச்சி,
இப்போது திவ்யாவுக்கு அம்மாவும் ஆன
சுமதி