மேல்தெருக் குழாயும் உங்கள் பெயரும்

யவேலா, ஒஹாகா மலை, மெக்சிகோ
நவம்பர் 12

அன்புள்ள பிளாசிதோ அவர்களுக்கு, எல்பிதியா எழுதுவது.

நானும் நம் மகள் நயேலியும் நலம். கலிபோர்னியாத் தோட்டத்தில் குனிந்து பழம் பறித்து வந்த உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே சோளம் அறுத்துப் பரணில் ஏற்றியாயிற்று.

போன மாத ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து, "மேல்தெருவுக்கு வந்த குழாயெல்லாம் தலைவர் தோட்டத்துக்கு எப்படி நடந்து போச்சு?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள். ஊர்த்தலைவர் அபுந்தியோ, நம் நயேலியின் ஞானத்தகப்பன், சிரிக்கவில்லை.

இறந்தோர் நாளன்று அவர் மெஸ்கால் சாராயத்தோடு வந்தார். கூடவே ஊர்க்காவலர் இருவர். உங்கள் அப்பா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "பெரியவர் நெனப்புல ஒரு வாய் குடி, தங்கச்சி" என்றார். அந்த நாளில் யார் மறுப்பார்கள்? குடித்தேன். உடனே காவலர் ஒருவர் தண்ணீர்க் குழுத் தலைவரின் பதவிக் கோலைப் படையல் மேசையில் வைத்தார். "பிளாசிதோ வீடு பொறுப்ப ஏத்துக்கிடுச்சு. இவ்வளவு விவரமா கேக்குற ஆளுதான எங்களுக்கு வேணும்" என்றார் அபுந்தியோ. சாட்சிகள் முன்னால் குடித்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் வழக்கம். எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மறுநாளே ஒரு காகிதம் வந்தது. மேல்தெருவுக்குக் குழாய் போட்டு முடிந்தது என்று பொறுப்பு வீட்டு ஆண் பெயரில்தான் என்பதால், உங்கள் பெயரில் நான் குழு முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் பொறுப்பை மறுத்த வீடு: தண்ணீர் இல்லை, நிலம் இல்லை, கல்லறையில் இடமும் இல்லை. குத்தினால், பின்னால் விசாரணை என்று வந்தால் திருடன் நீங்கள்தான்.

நகரத்துக்குப் போய் அரசு அலுவலகத்தில் சொன்னேன். "அது உங்க ஊர் வழக்கம்மா, நாங்க தலையிட முடியாது" என்றார்கள். திரும்புவதற்குள் ஊரைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேச்சு. மேல்தெருப் பெண்களே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தானே வாயைத் திறந்தேன். வழக்கத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. ஊர் கூடிப் பேசுகிற அந்த வழக்கத்தால்தான் எனக்கு எழுந்து கேட்க இடம் கிடைத்தது.

ஊர்த் தொலைபேசி அபுந்தியோ கடையில் இருப்பதால் இதைக் கலிபோர்னியாவுக்கு வரும் நம் ஊர்க்காரர் ருபெர்த்தோ கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம். ஒரு தடவை எல்லை தாண்ட நீங்கள் பட்ட பாடு போதும். மாதக் கடைசிக் கூட்டத்துக்கு முன் அந்தக் கடைக்குக் கூப்பிடுங்கள். அவர் பக்கத்தில் நின்று கேட்பார். கேட்கட்டும். குத்து என்றாலும் சரி, குத்தாதே என்றாலும் சரி, அப்படியே செய்கிறேன். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
எல்பிதியா