கஞ்சி போடாத மேசைவிரிப்பு

இன்று காலை வீடெங்கும் கஞ்சி வாசனை. தலையணை உறை, திரைச்சீலை, என் புடவைகள் எல்லாவற்றையும் முக்கிப் பிழிந்தேன். மேசைவிரிப்பை மட்டும் தள்ளி வைத்தேன். அதன் நடுவில் நீங்கள் கறுப்பு நூலில் போட்ட தையல் என்னையே முறைத்தது.

கான்வென்ட் தையல் வகுப்பில் எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்த விரிப்பு. எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை, பிரான்சிலிருந்து வரும் உங்கள் அக்காவுக்கு ஞாயிறு விருந்தில் விரிக்க, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். என் வீட்டில் குறை கண்டுபிடிக்கவே விமானம் ஏறுகிறவர் அவர். நீங்களோ முதல்நாளே லாஸ்பேட்டைக் கல்லூரியில் நடத்தும் இயற்பியல் பாடத்துக்கு ஒத்திகை பார்க்க அதை எடுத்துவிட்டீர்கள். இரண்டு முனைகள் ஜன்னல் கம்பியில், ஒன்று என் கையில். நாலாவதை, மீன் கொண்டுவந்த வைத்திக்குப்பம் கன்னியம்மாளிடம் கொடுத்தீர்கள்!

"கை கழுவினியா?" என்றேன்.

"கழுவிட்டேம்மா. இன்னா சார், மேசைத் துணியில வல வீசப் போறீங்களா?"

"இதுதான் காலவெளி. பாரம் வச்சா வளையும். எலுமிச்சம்பழம் கோள் மாதிரி சுத்தும்" என்று, நீங்கள் பெத்தாங்க் விளையாட்டில் வீசும் இரும்புக் குண்டை நடுவில் வைத்தீர்கள். விரிப்பு பலகைபோல நின்றது. எலுமிச்சம்பழம் நேராக ஓடி மீன் கூடையில் விழுந்தது.

"கஞ்சி அதிகம்" என்றீர்கள். என் கஞ்சியை அதுவரை எவரும் குறை சொன்னதில்லை. பிறகு தண்ணீர் தெளித்து, குண்டை உயரத்திலிருந்து போட்டீர்கள். டர்ரென்று கிழிந்தது.

"கருந்துளை!" என்று கைதட்டினீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. நீங்களே தைக்க உட்கார்ந்தீர்கள், கறுப்பு நூலோடு. "கருந்துளைக்கு வெள்ளை நூலா?" என்றீர்கள்.

மறுநாள் அக்கா உட்கார்ந்ததும் விரலை நேராக அங்கே வைத்தார். "தம்பி, என்ன இது?" நீங்கள் சூப்பில் ஆரம்பித்த விளக்கத்தைப் பாயசம் வரை விடவில்லை.

"கலைஞ்சு கெடக்கறதுதான் ஒழுங்கின்மைன்னு நெனைக்காதக்கா. ஈர்ப்புக் கணக்குல, பரவிக் கெடக்கற தூசி ஒரே குவியலா சேரும்போதுதான் ஒழுங்கின்மை கூடும். கருந்துளையில உச்சம்."

"அப்போ எல்லாத்தையும் ஒரே அலமாரியில அடுக்கற இவ?"

என்னை ஒரு நொடி பார்த்தீர்கள். "இவ அலமாரிக்குப் பிரபஞ்ச விதி செல்லாதுக்கா."

கோழி அடிப்பிடித்திருந்ததை அக்கா கவனிக்கவே இல்லை. உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உங்களுக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினேன்.

தையல் படு கோணல். சுற்றியுள்ள இழைகளெல்லாம் அதை நோக்கிச் சுருங்கிக் கிடக்கின்றன. கான்வென்டில் என்றால் பிரித்துப் போடச் சொல்லியிருப்பார்கள். நான் பிரிக்கவில்லை, ஞாயிறுதோறும் விரிக்கிறேன். கஞ்சி அதிகம் என்று நீங்கள் சொன்னது தவறு என்றே இன்றும் சொல்வேன். இருந்தாலும், இதற்கு மட்டும் போடுவதில்லை.