லெட்சுமி அக்காவின் இரண்டு தாள்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. காலணி இன்னும் காயவில்லை. ஆய்வுக்கான கை நலக் கேள்வித்தாள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, நான்காவது திருத்தம். 'கத்தியால் இறைச்சி வெட்டுதல்' நீக்கம். பதிலுக்கு 'சோறு பிசைதல்'. ஆய்வை நடத்தும் கோலாலம்பூர் பேராசிரியர் காரணம் கேட்பார். கேட்கட்டும்.

இன்று ஐந்து நோயாளிகள். பழைய ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவரிடம், ஜாடி மூடி திறக்கக் கஷ்டமா என்றேன். "மருமக தொறப்பா லா." இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

கடைசியாக லெட்சுமி அக்கா, வீடு சிலிபின் பக்கம். கையுறை ஃபேக்டரியில் பேக்கிங். வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்கம். 24-ஆம் தேதி ஆப்பரேஷன். எல்லாக் கேள்விக்கும் 'கஷ்டமே இல்லை' என்று கோடு போட்டார், பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'இது ஆய்வுக்கு மட்டும்' என்ற முன்னுரையை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பசி. வாசிக்கவில்லை. மூலையில் மதிப்பெண் 0, அதாவது சிரமமே இல்லை. ஆய்வுத் தாள்கள் போடும் தட்டு நிரம்பியிருந்தது, டாக்டர் பார்க்கும் அவருடைய ஃபைலிலேயே செருகிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

கார் டயர். அம்மாவுக்கு மாத்திரை. குடை (மறுபடி தொலைந்தது).

பேராசிரியர் மின்னஞ்சல்: இரண்டு வாரம் கழித்து அதே ஆட்கள் அதே தாளை நிரப்ப வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் தாள் தேறும். எனக்குத் தலைவலி.

ஜூலை 22, செவ்வாய்

லெட்சுமி அக்கா இரண்டாம் முறை. இன்று முன்னுரையை முழுதாக வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஃபேக்டரிக்குப் போகாதா மிஸ்?"

"போகாதுக்கா."

"அங்கயும் இதே மாதிரி ஃபாரம் குடுத்தாங்க. வலின்னு எழுதுனவங்களுக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கல. நான் சோறு பிசைஞ்சு எட்டு மாசம் ஆச்சு. கரண்டிதான்."

எல்லாவற்றிலும் 'முடியவே முடியாது'. ஒரு கேள்விகூட ஒத்துப்போகவில்லை.

அவர் போனபின் ஃபைலைத் திறந்தேன். டாக்டர் எழுதியிருந்தார்: கைப் பயன்பாட்டில் சிரமம் இல்லை, 24-ஆம் தேதி ஆப்பரேஷன் ரத்து. அக்காவுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

ஜூலை 23, புதன்

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. 0 மட்டும் பார்த்திருக்கிறார். என் தப்பு என்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த இடம் தைப்பிங்கிலிருந்து வரும் ஒருவருக்குப் போய்விட்டது. இனி நவம்பர்.

பேராசிரியர்: "அந்த நோயாளியை நீக்கிவிடுங்கள், கணக்கைக் கெடுக்கிறார்." பதில் போடவில்லை. போடும் தெம்பும் இல்லை.

மாலை அக்காவுக்கு போன். தேதி தள்ளிப்போனதைச் சொன்னேன்.

"நவம்பர்தானே, வந்துரும் லா. போன் போட்டுச் சொன்னீங்களே, தேங்ஸ் மிஸ்."

வைத்துவிட்டார். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோழைத்தனம். டீ போட்டேன், குடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். தாளை ஃபைலில் வைத்தது நான், அதைப் பார்த்துத்தான் ரத்து செய்தார்கள் என்று.

பின்னால் டிவி சத்தம்.

"சரி மிஸ். அப்ப இனிமே நீங்க எந்த ஃபாரம் குடுத்தாலும், முடியலன்னே போட்டுரவா?"