ஒக்வேனோ காட்டிய வெள்ளி நிற வண்டி

கிசுமு
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்

ஆகேயோ,

நான் நலம், அபோந்தி சித்தி நலம், கூரை ஒழுகுகிற இடத்தில் தகரம் வைத்து அடித்தாகிவிட்டது, வீடும் நலம். நீயும் அந்தத் தோஹா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீங்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் குடும்பத்தில் இப்போது நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது நீ வாங்கத் துடிக்கிற அந்த வெள்ளி நிற வண்டி. போனில் நான் அதைப் பற்றி வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். எதிர்வீட்டு அடிகின்யி நாளை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிறவரை உன் எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், அவளை விரட்டாதே.

ஏரிக்கரையில் வண்டி கழுவிப் பிழைக்கிற என்னிடம் போன வாரம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. கழுவுறது வேற வாங்குறது வேறம்மா, உனக்கு வெளிய பளபளன்னு ஆக்கத்தான் தெரியும், ஒக்வேனோ அங்கிள் படிச்சவரு, அவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும் என்றாய். எடுத்தெறிந்து பேசுவதில் நீ என் மகள்தான், சந்தேகமே இல்லை. பழைய வண்டி விற்கிற உன் ஒக்வேனோ அங்கிள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. பதினாறு வயதில் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு நான் வெளியே வந்தேன், அவன் உட்கார்ந்து முடித்தான். முடித்துவிட்டு என்ன படித்தான் தெரியுமா, ஒரு வண்டியைப் படம் பிடிக்கும்போது பின்னால் பாட்டு போடப் படித்தான். உனக்கு அனுப்பிய வீடியோவில் ஒரு நொடியாவது அந்த வண்டியின் சத்தம் கேட்டதா உனக்கு? தோல் இருக்கையைக் காட்டினான், கதவு தானாக மெல்ல மூடுவதைக் காட்டினான், கூரைக் கண்ணாடி வழியாக வானத்தைக் காட்டினான். நாலு வருடம் ஹோட்டல் துணியைத் துவைத்துச் சேர்த்ததை வைத்து வானத்தை வாங்கப் போகிறாயா?

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், விமான நிலையத்திலிருந்து பெரிய ஆட்களை ஏற்றலாம், ஹைப்ரிட் என்பதால் பெட்ரோல் பாதிதான் குடிக்கும், வண்டி சம்பாதிக்கும், நீ ஊர் வந்து சேரலாம். ஆனால் உன் சேமிப்பு அதற்குப் போதவில்லை, மீதியை அடைக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ஹோட்டலில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை, சித்தியிடம். ஊருக்கு வருவதற்காக ஒரு வண்டி, அந்த வண்டிக்காக ஊருக்கு வராமல் இரண்டு வருடம். இதை எழுதும்போதே எனக்குப் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது. அதுவும் வண்டி ஆறே மாதத்தில் படுத்துவிட்டால்? அப்போது எத்தனை வருடம் போடுவாய்?

ஹைப்ரிட் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை, கழுவுகிறவளுக்கு அவ்வளவு தெரியும். மெக்கானிக் பராசாவிடம் போய் மூன்று நாள் அவன் காதைத் தின்றேன். இஞ்சினையும் பேட்டரியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிற வண்டி அது, பேட்டரியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் சாதாரண வண்டியைவிட அதிக நாள் உழைக்கும் என்கிறான். இங்கே நந்தி மலைக்கு ஏறி இறங்கும் டாக்சிக்காரர்கள் பாதிப் பேர் சின்ன ஹைப்ரிட்தான் வைத்திருக்கிறார்கள். சின்ன வண்டிக்குப் பேட்டரி போனால் பழைய வண்டியைப் பிரித்து விற்கிற எந்த உடைப்புக் கடையிலும் நல்லதாக ஒன்று கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். சொகுசு வண்டிக்கு அப்படி இல்லை. அதன் பேட்டரி பெரிது, இங்கே உடைப்புக்கு வந்ததே இல்லை, மொம்பாசாவுக்குக் கப்பல் வரும்வரை நீ கும்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். காற்றில் மிதக்கிற மாதிரி போகிறது என்கிறாயே, அதற்குக் கீழே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்திருக்கிறான். நம் ரோட்டுப் பள்ளத்தில் அது கிழிந்தால் காலையில் வண்டி படுத்த ஒட்டகம் மாதிரி கிடக்கும். முன்விளக்கு ஒன்று உடைந்தால் நம் வீட்டுக்கே புதுக் கூரை போடலாம், அந்த விலை. இதெல்லாம் நல்ல வண்டிக்கே. கெட்ட வண்டிக்கு நான் என்ன எழுத.

சனிக்கிழமை நான், பராசா, சித்தி மூவரும் கொண்டேலேயில் ஒக்வேனோவின் இடத்துக்குப் போனோம். கூர்மூக்கு ஷூவோடு ஓடிவந்தான். ஆகேயோ அம்மா, வா வா, கழுவ வந்தியா, நேத்துதான் கழுவினேனே என்றான். ஆமாடா, உன் வாயக் கழுவ வந்தேன் என்றேன். பராசா தன் கருவியைச் சொருகிப் பார்த்தான். ஒரு கோளாறும் காட்டவில்லை. பாத்தியா, பொறந்த கொழந்த மாதிரி என்று ஒக்வேனோ நெஞ்சை நிமிர்த்தினான். பராசா அவசரப்படாமல் இன்னொரு பக்கத்தைத் தட்டினான். கோளாறுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். பதினொன்று. அண்ணே, கொழந்த பொறந்து பதினோரு கிலோமீட்டர்தான் ஆகுது, அதுக்கு முன்னாடி எதை அழிச்சீங்க என்று கேட்டான். ஒக்வேனோ வியர்த்தான், புது பேட்டரி போட்டோம்ல, அதான் என்றான். பின் இருக்கைக்குப் பக்கத்தில் பேட்டரிக்கு மூச்சு விடுகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் மூடியைப் பராசா கழற்றினான். உள்ளே இருக்கும் சின்ன விசிறி முழுக்கச் செதில். ஓமேனா கருவாட்டுச் செதில், வெள்ளிப்பொடி மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. முன்பு வைத்திருந்தவன் தோல் இருக்கை மேல் கருவாட்டு மூட்டையை அடுக்கியிருக்கிறான். சித்தி மோந்து பார்த்துவிட்டு, புது பேட்டரிக்குப் பழைய நாத்தமா, இதுல என் பொண்ணு கல்யாணப் பொண்ண ஏத்தணுமா, மாப்பிள்ள மயங்கி விழுவான் என்றாள். அங்கே வேறு வண்டி பார்க்க வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் சிரித்துவிட்டார்கள்.

ஒக்வேனோவையும் சேர்த்து நாலு பேரும் ஏறி, ஏசியை முழுக்க வைத்து, ரியாட் மலை ஏற்றத்தில் விட்டோம். சமதரையில் எல்லா வண்டியும் யோக்கியம்தான், ஏற்றத்தில்தான் உண்மை வரும் என்று பராசா சொல்லிவிட்டு ஓட்டினான். பேட்டரி அளவு நிறைந்திருந்தது. பாதி ஏற்றத்தில் சரசரவென்று இரண்டு கோட்டுக்கு இறங்கியது, அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி நிறைந்தது. நல்ல பேட்டரி மெல்ல இறங்கி மெல்ல ஏறும், இப்படிக் குதிப்பது சாகப்போகிற பேட்டரி. பின்னால் விசிறி இரைகிற இரைச்சலில் சித்திக்குப் பேச்சே கேட்கவில்லை. இரண்டாவது வளைவில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது, வண்டி இழுக்க மறுத்தது, பின்னால் வந்த லாரிக்காரன் எங்கள் நாலு பேர் குடும்பத்தையும் பெயர் சொல்லாமல் திட்டிக்கொண்டு போனான். ஒக்வேனோ அப்போதும் விடவில்லை. டயர்ல காத்து கம்மியா இருக்கும் என்றான். டயர்ல காத்து கம்மின்னா வண்டிக்கு எதுக்குடா மூச்சு வாங்குது என்றாள் சித்தி.

இதுவரை எழுதியதற்கு உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. இனி எழுதுவதற்கு இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வண்டியைத் தள்ளித் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு பராசா பேட்டரியின் மேல்மூடியைத் திறந்தான். ஆரஞ்சு நிறத் தடிமன் வயர் சேர்கிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது, பாசி பிடித்த மாதிரி. அவன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துதான் கேட்டான், இது எங்க குளிச்சுது என்று. எனக்குத் தெரியும் எங்கே குளித்தது என்று. அவன் உனக்கு அனுப்பி, நீ எனக்கு அனுப்பிய வீடியோவில் பின் கண்ணாடி ஓரத்துக் கீறலைப் பார்த்தபோதே தெரியும். போண்டோ ஹோட்டல் முதலாளி ங்யாங்வேசோவின் வண்டி அது. ஏரி பொங்கிக் கரை காணாமல் போன வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுவருவான். எல்லா வண்டியையும் போல நான்தான் அதையும் தண்ணீரில் இறக்கினேன். அவன் இறங்கமாட்டான், ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து, இஞ்சின் சத்தமே இல்ல பாரு ஆகேயோ அம்மா, இதாண்டி வண்டி என்று கரையில் நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி பீற்றிக்கொள்வான். படகு மாதிரி மிதக்கிற படம் வேணும், இன்னும் உள்ள விடு என்பான். விட்டேன். கதவு அடிமட்டம் வரை தண்ணீர். மற்ற வண்டிகளுக்கு அது ஒன்றும் செய்யாது, தலையைச் சிலிர்த்துக்கொண்டு போய்விடும். இதற்குள் பேட்டரி தரையோடு படுத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும். ஒரு வருடம் முழுக்க அதைக் கொன்றது நான். பிறகு பளபளவென்று துடைத்துக் கொடுத்ததும் நான்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். இந்த வண்டியை ஏரியில் கழுவியது நான்தான், வேண்டுமென்றால் கரையில் யாரையும் கேளுங்கள் என்றேன். வண்டி பார்க்க வந்த கணவனும் மனைவியும் அப்படியே திரும்பி நடந்தார்கள். ஒக்வேனோ சிரித்தான் பார், அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அப்ப கெடுத்தவ நீ, நீ கெடுத்தத உன் பொண்ணு வாங்கறது நியாயந்தானே, குடும்பத்துலயே இருக்கட்டும் என்றான். பராசா என் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் கூர்மூக்கு ஷூ ஒன்று ஏரியில் மிதந்திருக்கும். அடுத்த நாளே, ஆகேயோ அம்மாவிடம் வண்டி கொடுக்காதீர்கள், பேட்டரியைக் கொல்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பெரிய வண்டிகள் மூன்று என்னிடம் வருவதை நிறுத்திவிட்டன. ஆட்டோக்களும் மினிபஸ்களும் வருகின்றன. இப்போது ஹைப்ரிட் வந்தால் கரையிலேயே நிறுத்தி வாளியில் மொண்டு கழுவுகிறேன், முதுகு போகிறது. நீ பரிதாபப்பட வேண்டாம், மீன் விற்றேன், பைக் ஓட்டினேன், படகில் டிக்கெட் கிழித்தேன், இதுவும் போனால் வேறொன்று. நான் எதிலும் நிலைத்தவள் இல்லை.

நீ இன்னும் ஒக்வேனோவை நம்புவாய் என்று தெரியும். அதனால் கேள்விகளை மட்டும் எழுதுகிறேன், நீயே கேள். ஜப்பான் ஏலத்தில் கொடுத்த தாள் எங்கே? புது பேட்டரி என்றால் எந்தக் கடையில், எந்தத் தேதியில் மாட்டியது, எத்தனை செல் மாற்றியது? பராசா ஒவ்வொரு செல்லாக அளந்து பார்க்க ஒரு நாள் வண்டியைக் கொடுப்பானா? நல்ல வண்டி வைத்திருப்பவன் இதற்குக் கோபப்படமாட்டான்.

ஆனால் நேற்றுவரை எனக்கு ஒன்று புரியவே இல்லை. வெறும் கையோடு வந்தால் என்ன, எதற்கு இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று சித்தியிடம் கத்தினேன். சித்தி உகாலிக் களியைக் கிண்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். போன தடவ அவ லீவுல வந்தப்ப விமான நிலையத்துல இருந்து ஆட்டோல வந்து எறங்குனா, நீ வாசல்ல நின்னு என்ன கேட்ட, மறந்துட்டியா என்றாள். மறக்கவில்லை. ரெண்டு வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு ஆட்டோலயா வர்ற, தெருவே பாக்குது, எனக்கு மானம் போகுது என்றேன். பெட்டியை வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் சொன்னேன். நீயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அந்த விடுமுறை முழுக்க நீ வெளியே போகவே இல்லை, எனக்கு அது உறைக்கவும் இல்லை.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது. கையெழுத்துப் போடாதே. டிக்கெட் எடு. எந்த வண்டியில் வேண்டுமானாலும் வா, ஆட்டோவில் வா, கருவாட்டு லாரியில் வா. நான் விமான நிலையத்துக்கே வந்து உன்னோடு ஆட்டோவில் ஏறி, தெருவே பார்க்கட்டும் என்று மெதுவாக ஓட்டச் சொல்வேன். வாயைத் திறக்கமாட்டேன். சரி, திறப்பேன், ஆனால் பார்க்கிறவர்களைத் திட்ட.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், கால் வீங்காமல் இரு, ஹோட்டல் சோப்புத் தூளில் கையை வெறுமனே விடாதே, உறை போட்டுக்கொள். ஒக்வேனோ வருகிற சனிக்கிழமை மத்தியானம்வரைதான் வண்டியை உனக்காக நிறுத்தி வைத்திருப்பானாம், நீ சும்மா இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வான். அதற்கு முன்னால் நீயே, உன் குரலிலேயே, வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லிவிடு. பிறகு எனக்குப் போன் செய், சிக்னல் இல்லை என்று சொல்லாதே.

உன்மேல் இன்னும் கோபமாகவே இருக்கிற
உன் அம்மா
அவுவோர்