சொன்ன பேச்சு கேளாத கால்

12 பிப்ரவரி 2024

வாஷி ஸ்டேஷனில் வலது கால் செருப்பு கழன்று கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒருத்தி ஓடிவந்து கொடுத்தாள். மூன்று மாதமாகப் பாதம் மரத்துக் கிடக்கிறது. எங்கள் செம்பூர் டாக்டருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. சீட்டைப் பார்த்தபடியே, "விட்டமின் கம்மி, டென்ஷன் மத் லோ" என்றார். டென்ஷன் ஆகக் கூடாதாம். மகாமேதை.

25 பிப்ரவரி

இடது கை விரல்களும் மரத்துப் போயின. ஹூக் மாட்ட முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்புப் புள்ளிகள். தாராவியிலிருந்து நாத்தனார் ஏஞ்சலம்மாள் ஜெப எண்ணெயோடு வந்தாள்.

"வெசுவாசம் கொறைஞ்சாத்தான் மைனி நரம்பு தளரும்."

"அப்போ ஒன் முட்டுவலிக்கு எது கொறைஞ்சுது?"

காப்பி குடிக்காமலே போய்விட்டாள். பால் மிச்சம்.

6 மார்ச்

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வந்தனா என் காலைத் தொட்டுப் பார்த்தார். இதற்கே நாலு மாதம்! கரண்ட் வைத்துச் சோதித்தார்கள். கணுக்கால் பக்கம் நரம்பில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள்.

11 மார்ச்

நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்கள் வீங்கி அடைத்துவிட்டனவாம். கிருமி இல்லை, என் உடம்பே என் உடம்பைத் தாக்குகிறதாம். சிரித்துவிட்டேன். புகுந்த வீட்டாரை மிஞ்ச ஆள் உண்டென்று இத்தனை நாள் தெரியாது. நாளை முதல் மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப். பிறகு மாதம் ஒரு முறை, கேன்சருக்குக் கொடுக்கிற மருந்து.

17 மார்ச்

"எங்க ஷைனி மைனிக்குக் கேன்சர்" என்று என்னைப் பற்றிச் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள் ஏஞ்சலம்மாள்.

21 ஏப்ரல்

முகம் பூசணிக்காய். தூக்கமில்லை. பசி ஓயவில்லை. என் வீட்டுக்காரர் தனசீலன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். தண்ணீர் வருவதே நாளைக்கு ஒரு மணி நேரம்தான்.

"அழணும்னா குழாய மூடிட்டு அழுங்க."

வெளியே வந்தார். எனக்கு ஏன் இந்த வாய்? பயமா இருக்கு — கால் வராமலே போச்சுன்னா?

2 ஜூன்

மாடிப்படி. விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

19 ஆகஸ்ட்

ஆறாவது டிரிப். வியாதி அடங்கிவிட்டது, கெட்டுப்போன நரம்பு மெல்லத்தான் வளரும், முழுசாக வருமென்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் வந்தனா. எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள். பாதம் தொங்காமலிருக்க இன்னும் பிளாஸ்டிக் பட்டையோடுதான் நடை.

பக்கத்துப் படுக்கையில் சீத்தா கேம்ப் பகுதிப் பெண் சஃப்ரீன். அதே வியாதி, முதல் டிரிப்.

"அக்கா, சரியாயிருமா?"

நாக்கு நுனியில் நாலு நக்கல் பதில் இருந்தது. மருந்து இறங்கி முடியும்வரை அவள் கையை என் இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அவள் கை ஜில்லென்று இருந்தது. என் விரல்களுக்கு அது தெரிந்திருக்கிறது.